டம்ளரில் வெட்டிய பெயர்

தெய்வசிகாமணி தம் குருவைக் கடைசியாக உயிரோடு பார்த்தபோது, அவர் ஒரு சோப்பு உறையை வாசித்துக்கொண்டிருந்தார்.

ஏழு வயதில் அம்மை போட்டு இரண்டு கண்களையும் இழந்தவர் அவர். பூரணத்தம்மாள் என்று பெயர். ஒரு கையில் உறையைப் பிடித்திருந்தார். மறு கையில் கைப்பேசி. அது உறையைப் பார்த்து, ஒரு பெண்குரலில், ஓர் எழுத்து விடாமல் சொல்லிக்கொண்டே வந்தது.

"கேட்டீங்களாண்ணா? வேப்பெண்ணெய் இருக்குதாம் இதுல. வெயில் படாம வெக்கோணுமாம். கண்ணுல பட்டா உடனே கழுவோணுமாம். ஒரு சோப்புக்கு எத்தனை சொல்றதுக்கு இருக்குது பாருங்க."

"நான் சந்தைக்குப் போயிட்டு வந்தர்றேனுங்கம்மா" என்றார் சிகாமணி.

"போயிட்டு வாங்க. வர்றப்ப எழுத்துப் போட்டதா எதையாச்சும் வாங்கிட்டு வாங்க."

கடலை மிட்டாய்ப் பொட்டலம் ஒன்றை, உறையில் நிறைய அச்சடித்திருந்ததாகப் பார்த்து வாங்கிக்கொண்டு அவர் திரும்பினார். அம்மா சுவரில் சாய்ந்தபடி இருந்தார். உயிர் போயிருந்தது. முகத்தில் வலியின் சுவடு எதுவும் இல்லை. கைப்பேசி மட்டும் மடியில் கிடந்து, "எழுத்து எதுவும் தெரியவில்லை, கொஞ்சம் நகர்த்திக் காட்டவும்" என்று சொல்லிக்கொண்டிருந்தது.

அந்தக் கருவி மடத்துக்கு வந்த கதை இது.

மலையடிவாரத்தில், ஓடு வேய்ந்த சின்ன மடம். அம்மாவின் தகப்பனார் கட்டியது. அவருக்குப் பிறகு அம்மா அந்த இடத்தில் உட்கார்ந்தார். மனசு கனத்தவர்கள் வருவார்கள். தங்கள் கதையைச் சொல்வார்கள். அம்மா உம் கொட்டுவார். பெரும்பாலும் அதற்கு மேல் ஒன்றும் சொல்ல மாட்டார். வந்தவர்கள் முகம் கழுவிக்கொண்டு, சாப்பிட்டுவிட்டு, தெளிந்து போவார்கள்.

சிகாமணி மின்சார வாரியத்தில் லைன்மேனாக இருந்தவர். மனைவி இறந்து காரியம் முடிந்த கையோடு, ஒரு சாக்கு நிறையப் பாத்திரத்தோடும் ஒரு ஜமக்காளத்தோடும் மடத்துக்கு வந்தார். பாத்திரத்தைச் சமையல்கட்டில் கொடுத்துவிட்டு ஒரு மூலையில் உட்கார்ந்தார். எல்லாரும் கதை சொல்லும் இடத்தில் அவர் ஒன்றும் சொல்லவில்லை. அம்மாவும் கேட்கவில்லை.

மூன்றாம் நாள் ஒன்றே ஒன்று கேட்டார்.

"எழுத்து நல்லா வாசிப்பீங்களாண்ணா?"

"வாசிப்பனுங்கம்மா."

அன்று சாயங்காலத்திலிருந்து சிகாமணிதான் அம்மாவுக்குப் புத்தகம் வாசித்தார். அம்மாவை விட அவர் வயதில் மூத்தவர். ஆனாலும் 'அம்மா' என்பார். அம்மா இவரை 'அண்ணா' என்பார். புதிதாக வருகிறவர்களுக்கு இது குழப்பமாக இருக்கும். திருப்பூர் பனியன் கம்பெனியில் மேஸ்திரியாக இருக்கும் கோகிலா, மடத்துக்கு அடிக்கடி வருகிறவள், அவர்களுக்கு விளக்கம் சொல்லுவாள்.

"அம்மாவுக்கு இவரு அண்ணன். அண்ணனுக்கு அவங்க அம்மா. இதுக்கு மேல சொந்தம் சொல்ல எனக்குத் தெரியாதுங்க."

வாசிப்பதற்கு மடத்தில் ஒரு முறை இருந்தது. ஒரு வாக்கியம் முடிந்ததும் நிறுத்த வேண்டும். அம்மா "உம்" என்றால் மேலே போகலாம். சும்மா இருந்தால் அதே வாக்கியத்தை மறுபடி வாசிக்க வேண்டும். ஒரே வாக்கியத்தில் ஒரு சாயங்காலம் முழுக்க நின்றதும் உண்டு. அந்த 'உம்'முக்காகக் காத்திருப்பதே சிகாமணிக்கு வாழ்க்கையாகிப் போனது. வயது ஏற ஏற எழுத்து மங்கியது. கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து வாசித்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கோகிலா அந்தக் கைப்பேசியைக் கொண்டுவந்தாள்.

"அம்மா, இதை எதுக்கு நேராப் புடிச்சாலும் என்ன எழுதியிருக்குதுன்னு சொல்லும். எழுத்து இல்லாட்டி என்ன இருக்குதுன்னு சொல்லும்."

சிகாமணி வாசித்துக்கொண்டிருந்த புத்தகத்தின் மேல் பிடித்தாள். அது மடமடவென்று வாசித்தது. முதல் வாக்கியம் முடிந்ததும் அம்மா பழக்கத்தில் "உம்" என்றார். அதற்குள் அது நான்காவது வாக்கியத்துக்குப் போயிருந்தது.

அம்மா வாய்விட்டுச் சிரித்தார். "அடேயப்பா. இதுக்கு நம்ம தயவு தேவையில்லை போல."

பிறகு சிரிப்பு நின்றது. கையை நீட்டிக் கருவியை வாங்கி, அதன் முகத்தையும் முதுகையும் விரலால் தடவினார். பிறந்த குழந்தையைத் தடவுவது போல இருந்தது.

"இத்தனூண்டு சில்லுக்குள்ள ஒரு கண்ணும் ஒரு வாயும் வெச்சிருக்கான் மனுசன்" என்றார். "எந்தப் புண்ணியவானோ. நல்லா இருக்கட்டும்."

"அண்ணாவைக் காட்டட்டுங்களா?" என்று கேட்டு, கோகிலா அதைச் சிகாமணி பக்கம் திருப்பினாள்.

"ஒரு முதியவர்" என்றது குரல். "வெள்ளைச் சட்டை அணிந்திருக்கிறார். கையில் புத்தகம் உள்ளது. முகத்தில் சிரிப்பு இல்லை."

கோகிலா சிரித்தாள். அம்மா சிரிக்கவில்லை.

"ஏண்ணா சிரிக்கலை?"

"பல்லு விழுந்துருச்சுங்கம்மா" என்றார் சிகாமணி.

அதற்குப் பிறகு அம்மாவைக் கையில் பிடிக்க முடியவில்லை. தீப்பெட்டி, அரிசி மூட்டை, மாத்திரை அட்டை, மின்சார மீட்டர் என்று ஒன்றையும் விடவில்லை. நாள்காட்டித் தாளை வாசித்துவிட்டு, தன் ராசிக்கு 'வீண் அலைச்சல்' என்று போட்டிருப்பதாகச் சொல்லிக்கொண்டே மடத்தைச் சுற்றி நடந்தார். கிணற்றடியில் ஒரு கல்லுக்கு முன்னால் கைப்பேசி அவருடைய தகப்பனார் பெயரைச் சொன்னது. கிணறு வெட்டி முடித்தபோது பதித்த கல். சிறு வயதிலிருந்து அம்மா முதுகைச் சாய்த்து நின்ற கல் அது.

"அப்பா இங்கேயா இருந்தாரு?" என்றார் அம்மா. வெகுநேரம் அந்த இடத்தை விட்டு நகரவில்லை.

சிகாமணி பக்கத்தில் நின்றார். தினமும் அந்தக் கல்லைத் தாண்டித்தான் அவர் தண்ணீர் இறைத்தார். எழுத்து இருப்பதும் தெரியும். அதை ஒருநாளும் வாசித்துச் சொல்லத் தோன்றவில்லை. வாசிப்பு என்றால் சாயங்காலம் பாயில் உட்கார்ந்து செய்வது என்று இருந்துவிட்டார்.

அன்று மாலை அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு புத்தகத்தை விரித்தார்.

"இன்னைக்கு அது வாசிக்கட்டும்ணா" என்றார் அம்மா. "உங்க கண்ணுக்கும் ஓய்வு வேணுமல்ல."

அன்பாகத்தான் சொன்னார். சிகாமணி புத்தகத்தை மூடினார். புதுத் தடம் போட்டு மின்கம்பியை மாற்றிக் கட்டிய பிறகு பழைய கம்பங்கள் சில பிடுங்கப்படாமல் காட்டில் நிற்கும். அவற்றின் மேல் காக்கை உட்காரும். அவருக்கு அந்த ஞாபகம் வந்தது.

மறுநாளும் கருவி வாசித்தது. அதற்கு மறுநாளும்.

அடுத்த ஞாயிறு காலையில் சிகாமணி ஜமக்காளத்தைச் சுருட்டினார். சமையல்கட்டிலிருந்து பேச்சுக் கேட்டது. அம்மாவும் கோகிலாவும் பாத்திரங்களை ஒவ்வொன்றாகக் காட்ட, கைப்பேசி அவற்றில் வெட்டியிருந்த பெயர்களைச் சொல்லிக்கொண்டிருந்தது. அந்தப் பக்கத்தில் பெண்ணுக்குச் சீர் கொடுக்கும் பாத்திரங்களிலும் கல்யாணத்துக்கு வைக்கும் பாத்திரங்களிலும் பெயர் வெட்டாமல் கொடுக்க மாட்டார்கள். பல வீட்டுப் பாத்திரங்கள் மடத்துக்கு வந்து சேர்ந்திருந்தன.

"கா. முத்தம்மாள். மணமக்களுக்கு அன்பளிப்பு, மாமன் வீட்டார்."

"மைக்கு வெச்சு மொய் வாசிக்கிறாப்பல இருக்குதுங்கம்மா" என்று கோகிலா சிரித்தாள்.

சிகாமணி கயிற்றை இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தார். சட்டென்று உள்ளே பேச்சு நின்றது. பாத்திரச் சத்தமும் நின்றது.

சற்று நேரத்தில் அம்மா வெளியே வந்து தன் பாயில் உட்கார்ந்தார். சிகாமணி முன்னால் போய் நின்றார்.

"நான் கெளம்பறேனுங்கம்மா."

"எங்கே?"

"தங்கச்சி மகன் வரச் சொல்லியிருக்கிறான். தோட்டத்துல மோட்டார் போட்டு நிறுத்த ஆள் வேணுமாம்."

"மோட்டாரை இப்ப போன்லயே போட்டு நிறுத்திக்கிறாங்களாமே. கோகிலா சொன்னா."

சிகாமணி அத்தனை நாளும் கேட்காமல் வைத்திருந்ததைக் கேட்டார்.

"வாசிக்கறதுக்கு அது வந்துருச்சு. இனி நான் எதுக்குங்கம்மா?"

அம்மா பாயின் ஓரத்தைத் தட்டிக் காட்டினார்.

"உக்காருங்க. மலைமேல ஒரு ஊருக்கு மொதமொதல்ல கரண்டு கொடுத்தேன்னு சொல்லுவீங்களே. அங்க சுவிட்சைப் போட்டதும் சனங்க எதைப் பாத்தாங்க?"

சிகாமணி உட்கார்ந்தார். "கூரையைப் பாத்தாங்கம்மா."

"பல்பைப் பாக்கலையா?"

"செத்த நேரம் பாத்தாங்க. கண்ணு கூசுச்சு. அப்புறம் அத்தனை பேரும் அண்ணாந்து கூரையைத்தான் பாத்தாங்க. அடுப்புப் புகை படிஞ்சு, கரியும் ஒட்டடையுமாத் தொங்குச்சு. சிம்னி வெளக்கு வெளிச்சம் அத்தனை ஒசரம் போனதே இல்லீங்க. வீட்டுக்காரப் பெரியவரு வாயடைச்சு நின்னாரு. இது எங்க ஊடுதானான்னு என்னைக் கேட்டாரு."

"பல்பு என்ன சொல்லுச்சு?"

"அது என்னத்தைச் சொல்லுமுங்க? அது பாட்டுக்கு எரிஞ்சுது."

"அப்புறம்?"

"மக்யா நாளு விடிஞ்சதும் ஊரே கம்புல வெளக்குமாத்தைக் கட்டி ஒட்டடை அடிச்சுதுங்க."

"பல்பா அடிச்சுது?"

"இல்லீங்கம்மா. அவங்கதான்."

அம்மா தலையாட்டினார். "சரி. தண்ணி குடிச்சுட்டுக் கெளம்புங்க."

கோகிலா பித்தளை டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து அம்மாவிடம் கொடுத்தாள். அம்மா எப்போதும் பக்கத்தில் வைத்துக்கொள்ளும் டம்ளர். அதைச் சிகாமணியிடம் நீட்டும் முன், அம்மா கைப்பேசியை எடுத்து அதன் பக்கத்தில் பிடித்தார்.

"வே. அங்காத்தாள்" என்றது கைப்பேசி.

சிகாமணி கையை நீட்டவில்லை. அந்தப் பெயரை மடத்தில் யாரும் சொன்னதில்லை. அவரும் சொன்னதில்லை.

"நீங்க சாக்குல கொண்டுவந்த நாள்லருந்து இதுலதான் நான் தண்ணி குடிக்கிறேன்" என்றார் அம்மா. "கட்டைவெரல் படற எடத்துல புள்ளி புள்ளியா இருக்கும். ஏதோ பூ வேலைன்னு நெனைச்சேன். பேருன்னு இன்னைக்குத்தான் தெரிஞ்சுது."

அம்மா கைப்பேசியை விரலால் தட்டிக் காட்டினார்.

"அங்காத்தாள்னா யாருன்னு இதுகிட்டக் கேட்டேன். அது ஒரு பெண்ணின் பெயருன்னு சொல்லுச்சு."

கோகிலா மெதுவாக எழுந்து சமையல்கட்டுக்குப் போய்விட்டாள்.

"எத்தனை புத்தகம் வாசிச்சீங்க. இதை மட்டும் ஏண்ணா வாசிக்கலை?"

"முடியலீங்கம்மா."

"கூரை தெரிஞ்சுபோச்சுண்ணா" என்றார் அம்மா.

கைப்பேசியைப் பாயில் கவிழ்த்து வைத்தார். டம்ளரைச் சிகாமணியின் கையில் கொடுத்தார். முதுகை நிமிர்த்தி, இரண்டு கைகளையும் மடியில் சேர்த்து, முகத்தை அவர் பக்கம் திருப்பி உட்கார்ந்தார். சாயங்கால வாசிப்புக்கு உட்காருவது போலவே உட்கார்ந்தார். வெளியே வெயில் ஏறிக்கொண்டிருந்தது. கட்டிய ஜமக்காளம் வாசற்படியில் இருந்தது.

சிகாமணி ஒரு வாய் தண்ணீர் குடித்தார். டம்ளரைத் திருப்பி எழுத்தைப் பார்த்தார். கண்ணாடி இல்லாமலே வாசிக்க முடிந்தது.

"அவளுக்குக் கரண்டுன்னாப் பயமுங்க" என்றார். "ஊரூராப் போயி லைட் போட்டவன் பொண்டாட்டி, சாகற வரைக்கும் ஒரு சுவிட்சைத் தொட்டதில்லை. நான் வேலைக்குப் போயிட்டா ஊட்டுல சிம்னி வெளக்குத்தான் எரியும்."

நிறுத்தினார்.

"உம்" என்றார் அம்மா.

அந்தப் பித்தளை டம்ளர் மடத்தில் இன்னும் புழக்கத்தில் இருக்கிறது. கட்டைவிரல் பட்டுப் பட்டுக் கடைசி எழுத்தில் புள்ளிகள் தேய்ந்துவிட்டன. காட்டினால், கைப்பேசி பெயரை முழுதாகவே சொல்கிறது.