உள்ளிருந்து பூசிய சுவர்

ஒரு காட்டில் பூவந்தி என்ற பெண் இருவாச்சிக்கு ஓர் அநியாயம் நடந்தது. அவள் பூசிய சுவரை அவள் கணவன் பூசினான் என்று காடே சொன்னது. அதோடு விட்டார்களா? அந்தச் சுவருக்குள்ளே அவளை அவன் அடைத்து வைத்திருக்கிறான் என்று வேறு சொல்லி, அவளுக்காக 'உச்' கொட்டினார்கள்.

நடந்தது என்னவென்று கேளுங்கள்.

இருவாச்சி பெரிய மஞ்சள் அலகுள்ள பறவை. முட்டையிடும் காலம் வந்தால் பெண் பறவை மரப்பொந்துக்குள் போய் உட்கார்ந்துகொண்டு வாசலைச் சேற்றால் மூடிவிடும். அலகு நுழையும் அளவுக்கு ஓர் இடுக்கு மட்டும் விட்டுவைக்கும். ஆண் பறவை அந்த இடுக்கு வழியாகப் பழம் ஊட்டும். உள்ளே இருப்பவளுக்குப் பழைய இறகெல்லாம் உதிர்ந்து புது இறகு முளைக்கும் காலமும் அதுதான். அதுவரை பறக்க முடியாது.

பூவந்திக்கும் அவள் கணவன் நாங்கனுக்கும் ஓடையோரக் குங்கிலிய மரத்தில் ஒரு பொந்து இருந்தது. வீடும் அதுதான், வேலைக்கூடமும் அதுதான். அவன் மண் தேடிக் கொண்டுவருவான். அவள் உள்ளே இருந்தபடி அலகின் பக்கவாட்டால் தட்டித் தட்டி அப்புவாள். வேலை நடக்கும்போது இருவரும் சும்மா இருக்க மாட்டார்கள்.

"என்ன மண்ணு இது, நாங்கா? அலகுல வச்சா நறநறங்குது."

"அக்கரைச் செம்மண்ணு. நிறத்தைப் பாரு, எப்படி இருக்குன்னு!"

"நிறத்தை வச்சு நாக்கு வழிக்கவா? காய்ஞ்சா வெடிச்சிடும். அத்திப்பழச் சதையைக் கலந்து கொண்டா."

"கலந்தா கறுத்துப் போயிடும்."

"கறுக்கட்டுமே. சுவரு நிக்கணும்ல?"

இப்படியே பதினோரு நாள். அவன் ஜெயித்த இடம் சிவப்பு, அவள் ஜெயித்த இடம் கறுப்பு. அலை அலையாக வரி ஓடிய சுவர் காய்ந்து கல்லாய் நின்றது. தங்கள் வேலையைப் பார்த்து இருவருக்கும் பெருமை தாங்கவில்லை.

ஆனால் வெளியே இருந்து பார்த்தவர்களுக்கு, மண்ணும் அலகுமாகப் பறந்த நாங்கன் மட்டும்தான் தெரிந்தான். ஒரு மைனா அவன் புகழைக் காடெல்லாம் பரப்பினாள். முட்டை பொரிந்து இரண்டு குஞ்சுகள் வந்த வாரத்தில், காட்டுக் கலைச்சபைத் தலைவர் மயில் ஒரு கூட்டத்தோடு வந்து சேர்ந்தார்.

"தம்பி நாங்கா! தனியொருவனாக நின்று இத்தகைய அரும்பெரும் படைப்பை..."

"தனியா இல்லீங்க, நாங்க ரெண்டு பேரும்தான்..."

"ஆகா! திறமையோடு என்ன அடக்கம் பாருங்கள்!" என்றார் மயில். கூட்டம் இறக்கை தட்டியது.

நாங்கன் மறுபடி வாயைத் திறந்தான். தட்டல் காதுக்கு இதமாக இருந்தது. மூடிக்கொண்டான்.

கூட்டம் கலைந்ததும் அவன் இடுக்கில் ஓர் அத்திப்பழத்தை நீட்டினான். பூவந்தி வாங்கவில்லை.

"ஏன் சொல்லல?"

"சொன்னேனே. அடக்கம்னுட்டாங்க."

"ஒரு தடவை சொன்னா அடக்கம்னுதான் நினைப்பாங்க. இன்னொரு தடவை சொல்ல வேண்டியதுதானே?"

"விடு பூவந்தி. யார் பேரைச் சொன்னா என்ன?"

"உன் பேரைச் சொல்லிட்டாங்க, நீ 'என்ன'ன்னு கேக்கலாம். நான் எப்படிக் கேக்கிறது?"

அவன் பழத்தை இடுக்கிலேயே வைத்துவிட்டுப் பறந்து போனான்.

அந்தக் கூட்டத்தின் கடைசியில் ஒரு மரநாய் நின்றிருந்தது. குஞ்சுகளின் வாசனை பிடித்து, ஏற்கெனவே சுவரைக் கீறிப் பார்த்தது அது. நகம்தான் தேய்ந்தது. இப்போது அது நேராக மயிலிடம் போனது.

"தலைவரே, இப்பேர்ப்பட்ட சுவர் மரத்துல கிடந்தா யார் பாக்கிறது? பெயர்த்து எடுத்துச் சபைப் பாறையில நிறுத்தலாமே? செஞ்சவர் சம்மதிச்சாப் போதும்."

மயிலுக்கு அது தனக்கே தோன்றிய யோசனை மாதிரி இருந்தது. மறுநாள் காலையில் காடே குங்கிலிய மரத்தடியில் கூடிவிட்டது.

"தம்பி, சம்மதம்தானே? உனக்கென்ன, இன்னொன்று பூசிக்கொள்வாய்!" என்றார் மயில்.

நாங்கன் திடுக்கிட்டான். "உள்ளே குஞ்சுங்க இருக்குங்க."

"அதுக்கென்ன அண்ணே?" என்று குழைந்தது மரநாய். "நீங்க பூசினது. நீங்களே உடைச்சு, பொழுது சாயறதுக்குள்ள நீங்களே பூசிட மாட்டீங்களா? இல்ல, முடியாதா?"

முடியும் என்றால் பொய். முடியாது என்றால் நேற்று வாங்கிய பாராட்டு பொய். நாங்கன் கிளையில் அப்படியே நின்றான்.

உள்ளே பூவந்தியின் வயிற்றுக்கு அடியில் இறகு முளைக்காத இரண்டு குஞ்சுகள் நடுங்கின. அவள் சிறகிலும் இறகுக் குருத்துகள்தான் இருந்தன. சுவர் அவளுடையது. போகப்போகிற உயிர் அவளுடையது. சம்மதம் மட்டும் அவனிடம் கேட்கிறார்கள்! அவளுக்குப் பயத்தைவிடக் கோபம்தான் முந்திக்கொண்டு வந்தது. இடுக்கில் அலகை நீட்டினாள்.

"தலைவரே, எனக்கு ஒரு விஷயம் தெரியணும்."

"பயப்படாதே அம்மா. உன்னை விடுவிக்கத்தான் வந்திருக்கிறோம்."

"நான் எப்ப மாட்டிக்கிட்டேன், நீங்க விடுவிக்க? நாங்கன்தான் பூசினான்னு சொல்றீங்களே, ஒரு கவளம் மண்ணை வெளியே இருந்து இந்தச் சுவர்ல ஒட்டச் சொல்லுங்க, பாப்போம்."

நாங்கன் ஓடைக்கரை மண்ணைக் கொண்டுவந்து அப்பினான். அது மெல்ல வழுக்கி, 'சொத்' என்று மயிலின் தோகையில் விழுந்தது. இன்னொரு கவளம் அப்பினான். அதுவும் தோகைக்கே போனது.

"துடைச்சிடாதீங்க தலைவரே, அரும்பெரும் படைப்பு!" என்று கத்தியது ஒரு குரங்கு. கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது.

"உள்ளே இருந்து வாங்கித் தட்ட ஆள் இல்லாம மண்ணு நிக்காது," என்றாள் பூவந்தி. "மலை அணிலே, நீ வா. இந்த இடுக்குல எட்டிப் பாத்து, கண்ணுல படுறதைச் சொல்லு."

அணில் எட்டிப் பார்த்தது. "அடேயப்பா! உள் பக்கம் மேல இருந்து கீழ வரைக்கும் அலகால தட்டின தடம்! வெளிப் பக்கம் ஒண்ணுகூட இல்லையே!"

"அப்போ இவளே தன்னை அடைச்சுக்கிட்டாளா?" என்றாள் மைனா.

"அடைச்சுக்கல, கதவு சாத்திக்கிட்டேன். உன் கூட்டுக்குக் கதவே இல்ல, நீ அதுக்குக் கவலைப்படு."

மயில் சேற்றுத் தோகையை உதறினார். "அப்படியானால் நாங்கன் செய்ததுதான் என்ன?"

நாங்கன் இம்முறை வாயை மூடவில்லை. "மண்ணைத் தேடினது நான். பூசினது அவ. சண்டை போட்டது ரெண்டு பேரும். அவ அலகு படலைன்னா என் மண்ணு வெறும் சேறு, நீங்களே பாத்துட்டீங்க. நீங்க இறக்கை தட்டினதுல மயங்கி நேத்து வாயை மூடிக்கிட்டேன், அது என் தப்பு. சம்மதம் கேக்கணும்னா அவளைக் கேளுங்க."

கூட்டம் தலையாட்டியது. மரநாய் மட்டும் விடவில்லை. இடுக்கின் பக்கம் திரும்பிப் பல்லைக் காட்டியது.

"சரி மதினி, நீங்களே பெரிய சிற்பி, ஒத்துக்கிறோம். நீங்களே சொல்லுங்க, எப்பத்தான் திறப்பீங்க? காடே காத்துக் கிடக்குதுல்ல?"

பூவந்தி தலையை நிமிர்த்தினாள்.

"எனக்குச் சிறகு முளைக்கட்டும், திறப்பேன். உள்ளே இருந்து மூடினவ நான், உள்ளே இருந்தே உடைப்பேன். யார் சம்மதமும் எனக்கு வேண்டாம். அதுவரைக்கும் உனக்குப் பொறுக்கலைன்னா, இந்தா இருக்கு இடுக்கு, மூக்கை விட்டுப் பாரு!"

நீதி: செய்தவர் பெயரை மறைத்தால், செய்ததன்மேல் உள்ள உரிமையும் வேறொருவர் கைக்குப் போய்விடும்.