நாச்சிமுத்து ஆர்க்கைவை நிறுத்தியது

"இந்த ஆர்க்கைவை நிறுத்திப்போட்டா என்னங்க அம்மணி?" என்று கேட்டார் நாச்சிமுத்து.

பெருந்துறையில் ஒரு பஸ் கம்பெனி. அதன் முன்பதிவு டேட்டாபேஸைப் பார்த்துக்கொள்பவள் பூங்கோதை. மறுநாள் முதல் பிரசவ விடுப்பு. பொங்கல் கூட்டத்தை நாச்சிமுத்து தனியாகச் சமாளிக்க வேண்டும்.

வயதில் அவர் மூத்தவர். தொழிலில் அவள். நம்பி விட்டுப் போகலாமா என்பதே அவள் கவலை.

அவர் புகாரிலும் நியாயம் இருந்தது. ஒவ்வொரு டிக்கெட்டையும் டேட்டாபேஸ், லாக் என்ற பதிவு ஃபைலில் எழுதுகிறது. லாக் நிரம்பினால் பழையதன் மேலேயே எழுதும். ஆர்க்கைவ் ஓடினால், அதற்குமுன் ஒரு நகல் எடுத்து வைக்கும். அன்று காலை அந்த நகல்களால் டிஸ்க் நிரம்பி, முன்பதிவே நின்றுவிட்டது. முதலாளி மாடியேறி வந்து திட்டிவிட்டுப் போனார்.

பழகுவதற்கென்று தனியாக ஒரு டேட்டாபேஸ் இருந்தது. அதில் நிறுத்திப் பார்க்கச் சொன்னாள் பூங்கோதை.

நிறுத்தினார். டேட்டாபேஸ் பறந்தது.

ஆசை தீர டிக்கெட் போடச் சொன்னாள்.

மனைவிக்கு ஜன்னலோரம் போட்டார். தனக்கு அவள் பக்கத்தில். மச்சானுக்கு டயருக்கு மேலே, கடைசி சீட். போட்டுவிட்டுத் தனக்குள் சிரித்துக்கொண்டார்.

பூங்கோதை எட்டி, டேட்டாபேஸின் ஃபைல்களை எல்லாம் அழித்தாள்.

"இப்பத் திரும்பக் கொண்டு வாங்கண்ணா."

ஞாயிற்றுக்கிழமை எடுத்த முழு பேக்கப் இருந்தது. அதை ஏற்றித் திறந்தார்.

பஸ் காலியாக இருந்தது.

"மச்சானைக் காணோமுங்க."

"சீட் பிடிக்கலையோ என்னவோ."

நாச்சிமுத்து சிரிக்கவில்லை. கையில் டிக்கெட்டும் காலடியில் பெட்டியுமாக ஒரு பஸ் நிறைய ஜனம் அவர் மனதில் வந்து நின்றது.

மூவருக்கும் மறுபடி டிக்கெட் போட்டார். பிறகு ஆர்க்கைவை ஓட விட்டார். சேரும் நகல்களை அன்றன்றே வேறு டிஸ்குக்கு மாற்றிவிடுவதாக, கேட்காமலே சொன்னார்.

"இனி எது அழிஞ்சாலும் பயமில்லைங்க."

பூங்கோதை தலையசைத்தாள். மறுபடி கீபோர்டை நோக்கிக் கையை நீட்டினாள்.

நாச்சிமுத்து சட்டென்று தன் இரண்டு கைகளாலும் கீபோர்டை மூடினார்.

"கொஞ்சம் இருங்க அம்மணி. மச்சான் ஏறினப்ப ஆர்க்கைவ் ஓடலை. முதல்ல ஒரு முழு பேக்கப் எடுத்துக்கறேன்."