குருவியின் வால் ஆடத் தொடங்கிய நாள்

அந்தக் காலத்தில் ஆஸ்திரேலியாவின் யூகலிப்டஸ் காடுகளில் பறவைகளும் மனிதர்களும் பேசிக்கொண்டார்கள். எந்த வருஷம் என்று என்னைக் கேட்காதீர்கள். பைனாகுலர் இருந்தது, அதுவரைக்கும் தெரியும்.

அங்கே கறுப்பு முதுகும் வெள்ளை வயிறுமாக, கோட்டு போட்ட வக்கீல் மாதிரி ஒரு சின்னக் குருவி இருந்தது. அதன் நீண்ட வால் குச்சி போல விறைத்தே இருக்கும். பறவை பார்க்க வருகிறவர்கள் கிளிகளைக் கண்டால் வாயைப் பிளப்பார்கள். இதை ஏறெடுத்தும் பார்க்க மாட்டார்கள். ஒரே ஒருவராவது நின்று தன்னைப் பார்க்கமாட்டாரா என்று அது ஏங்கிக் கிடந்தது.

ஒரு நாள் காலை சம்பந்தனும் அவர் மனைவி வேதவல்லியும் வந்தார்கள். சம்பந்தனுக்குக் கறுப்புக் காக்கட்டூ என்கிற கொண்டைக் கிளி மேல் பைத்தியம். எத்தனையோ முறை வந்தும் அது கண்ணில் பட்டதில்லை.

"ஏங்க, கீழயும் கொஞ்சம் பாத்து நடங்க."

"கீழ என்ன இருக்கு வேதா? எல்லாம் மேலதான்."

குருவி தைரியத்தை வரவழைத்துக்கொண்டு, "அண்ணே, நானும் பறவைதான்," என்றது.

"இரும்மா, அப்புறம் பாக்கறேன்," என்றார் அவர், பைனாகுலரை இறக்காமலே. குருவிக்கு முகம் சுண்டிப்போயிற்று.

வேதவல்லி ஷூ கயிறு கட்டப் பின்தங்கினாள். அப்போது பார்த்து உயரத்தில் ஒரு கறுப்புச் சிறகு அசைந்தது. பறவை தென்பட்டால் யாரும் மூச்சுவிடக் கூடாது, அது பறவை பார்ப்பவர்கள் வழக்கம். சம்பந்தன் கண்ணை எடுக்காமல் முன்னே நடந்தார். பாதையின் நடுவே ஒரு பழுப்புப் பாம்பு வெயில் காய்ந்துகொண்டிருந்தது.

"அண்ணே, பாம்பு!"

"ஷ்ஷ்!"

"ஐயோ, கால வைக்காதீங்க!"

"ஷ்ஷ்! பறந்துடும்!" அவர் காதில் விழுந்தது வெறும் சத்தம்தான்.

கத்திப் பயனில்லை. குருவிக்கு உயிரே கையில் இல்லை. ஆனாலும் அவர் காலுக்கும் பாம்புக்கும் நடுவே போய் இறங்கி, விறைத்த வாலை விரித்து, வலிக்க வலிக்க இடமும் வலமும் வீசியது. பாம்பு தலையைத் தூக்கியது. குருவி நகரவில்லை.

கீழே ஏதோ கறுப்பும் வெள்ளையுமாகத் துடிக்கவே, சம்பந்தன் குனிந்தார். தூக்கிய கால் அந்தரத்தில் நின்றது. மெல்லப் பின்வாங்கினார். பாம்பு புல்லுக்குள் வழுக்கிப் போனது.

வேதவல்லி ஓடி வந்தாள். "என்னங்க ஆச்சு?"

"இந்தக் குருவி இல்லன்னா நான் இல்ல, வேதா." விழுந்து கிடந்த ஒரு மரத்தின் மேல் அவர் உட்கார்ந்துவிட்டார். தலைக்கு மேலே காக்கட்டூ கத்திக்கொண்டு பறந்து போனது. அவர் நிமிரவே இல்லை. ஃபிளாஸ்கில் டீ ஆறும்வரை குருவியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

குருவிக்குச் சந்தோஷம் தாளவில்லை. "அண்ணே, வால் நிக்கவே மாட்டேங்குதே!"

"நிறுத்தாத கண்ணு," என்றாள் வேதவல்லி. "இவரு மாதிரி இன்னும் எத்தனை பேரு வருவாங்களோ."

அன்று முதல்தான் வாலாட்டிக் குருவி, காட்டில் நடப்பவர்களின் காலடியிலேயே வாலை வீசிக்கொண்டு வருகிறது. எவ்வளவு அரிய பறவை மேலே பறந்தாலும், அவர்களும் முதலில் குனிந்து இதைத்தான் பார்க்கிறார்கள்.