அலைக்கு முதுகைக் காட்டாதவர்கள்

தட்டாங்குளத்துக்காரர்களைப் பற்றி ஊர் உலகம் என்னென்னவோ பேசும். நான் பேச மாட்டேன். சொன்ன சொல்லைக் கூட்டாமல் குறைக்காமல் அப்படியே செய்து முடிக்கும் ஒழுக்கம் அவர்களைப் போல வேறு யாருக்கும் வராது. ஒருமுறை கண்டக்டர் "முன்னால போங்க, முன்னால போங்க" என்று சத்தம் போட்டதும் பஸ்ஸை விட்டு இறங்கி, மதுரை வரைக்கும் அந்த பஸ்ஸுக்கு முன்னாலேயே நடந்து போனவர்கள் அவர்கள். பின்னால் வந்த பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே வந்தது. நல்லபடியாகப் போய்ச் சேருங்கள் என்று வாழ்த்துவதாக அவர்கள் எடுத்துக்கொண்டார்கள்.

அந்த ஊரில் பூவலிங்கம் என்று ஒரு கல்யாணமாகாத ஆள். நல்ல உழைப்பாளி. குடி கிடையாது, பீடி கிடையாது. அவனுக்கு இருந்த குறையெல்லாம் தாய்மாமன் கறுத்தப்பாண்டியும், சங்கிலி, சோலைராசு என்ற இரண்டு சிநேகிதர்களும்தான். பெண் பார்க்கப் போகும் இடத்துக்கெல்லாம் இந்த மூன்று பேரும் கூடவே போனார்கள். ஒரு வீட்டில் "கூச்சப்படாதீங்க, உங்க வீடு மாதிரி நினைச்சுக்கோங்க" என்றார்கள். உடனே சங்கிலி பாயை விரித்துப் படுத்து, விளக்கை அணைக்கச் சொல்லிவிட்டான். இப்படியே பதினோரு வீடு கை நழுவிப் போயிற்று.

பன்னிரண்டாவது வரன் கடலுக்குள் இருந்தது. சங்குமணல் தீவில் தென்னந்தோப்பு வைத்திருந்த சேதுமாணிக்கத்தின் மகள் வளர்மதி. தரகர் வைரவன் கொண்டுவந்த போட்டோவைப் பார்த்த நாளிலிருந்து பூவலிங்கத்துக்குச் சோறு இறங்கவில்லை.

"இதுவும் தட்டிப்போச்சுன்னா இனிமே என்னால அலைய முடியாது மாப்ள" என்றார் கறுத்தப்பாண்டி. "காவி வேட்டி எடுத்துத் தர்றேன். பழனிப் பக்கம் போயிரு."

பூவலிங்கம் வைரவனின் கையைப் பிடித்துக்கொண்டான். "அண்ணே, தீவுக்குப் போற முறை எங்களுக்குத் தெரியாது. ஒண்ணு விடாம சொல்லிருங்க. நாங்க தப்பில்லாம நடந்துக்கறோம்."

வைரவன் அனுபவசாலி. இவர்களிடம் பேசும்போது அளந்துதான் பேச வேண்டும் என்று அவருக்குத் தெரியும். அளந்துதான் பேசினார்.

"பொண்ணைப் பிடிச்சிருந்தா மறுநாளே அங்க கோயில்ல தாலி கட்டிறலாம். பேசி வெச்சிருக்கேன். நீங்க போற வழிதான் முக்கியம். பை கனமே இருக்கக் கூடாது, படகுல ஏத்தி இறக்க முடியாது. படகு ஆடுனா வயித்தைப் புரட்டும், அப்ப தூரத்துல தெரியுற ஏதாவது ஒண்ணையே பார்த்துக்கிட்டு இருங்க. தீவு வெயில் தோலை உரிச்சிரும். இந்தா க்ரீம், வெயில் படுற இடத்துல எல்லாம் தடவிக்கிட்டே இருங்க. எல்லாத்துக்கும் மேல, கடல் கிட்ட நிக்கும்போது அலைக்கு முதுகைக் காட்டவே காட்டாதீங்க. ஆளைச் சுருட்டிக்கிட்டுப் போயிரும்."

நான்கு பேரும் தலையை ஆட்டினார்கள். வைரவனுக்கு ஏனோ சந்தேகமாகவே இருந்தது. ஆனால் கமிஷன் ஆசை யாரை விட்டது.

புறப்படும் நாளன்று துணிமணியை வைத்ததும் பை கனத்தது. அதனால் எல்லாவற்றையும் வெளியே எடுத்து உடம்பில் போட்டுக்கொண்டார்கள். ஆளுக்கு ஆறு சட்டை, நாலு வேட்டி. பெண் வீட்டுக்கான அதிரசத்தை இரண்டாவது சட்டைக்கும் மூன்றாவது சட்டைக்கும் நடுவில் வைத்துக்கொண்டார் கறுத்தப்பாண்டி. பிறகு காலிப் பையைக் கையில் தூக்கிப் பார்த்தார்.

"இன்னும் கொஞ்சம் கனம் இருக்கே" என்றார்.

சோலைராசு ஜிப்பைப் பிய்த்துப் போட்டான். சங்கிலி கைப்பிடியை அறுத்தான். அப்படியும் கனம் போகாததால் அடிப்பாகத்தையும் வெட்டி எடுத்தார்கள். மீதியிருந்ததை ஆளுக்கொரு பக்கமாக இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு பஸ் ஏறினார்கள்.

படகு ஜெபமாலை என்பவருடையது. வழுக்கைத் தலை, நல்ல மனுஷர். கரை மறைந்ததும் படகு ஆட ஆரம்பித்தது. தூரத்தில் தெரியும் ஒன்றையே பார்க்க வேண்டுமே! சோலைராசு ஒரு கடல் காக்காயைத் தேர்ந்தெடுத்தான். அது படகைச் சுற்றியது, அவன் கழுத்தும் சுற்றியது. அது தலைக்கு மேல் போனபோது அவன் மல்லாந்து விழுந்தான். கண்ணை மட்டும் எடுக்கவில்லை.

அதற்குள் வெயில் ஏறிவிட்டது. கறுத்தப்பாண்டி க்ரீம் பாட்டிலைத் திறந்தார்.

"வெயில் எங்க எங்க படுது, பாருங்கடா."

"உக்கார்ற பலகை மேல படுது மாமா" என்றான் சங்கிலி.

"தடவு."

"கயித்து மேல படுது."

"தடவு. விட்டுறாத."

"படகுக்காரர் தலையில ரொம்பப் படுது மாமா."

சங்கிலி எழுந்து போய் ஜெபமாலையின் வழுக்கையில் பாசமாகத் தடவினான். அவர் திடுக்கிட்டுத் திரும்பினார். "யோவ், எனக்கு எதுக்குய்யா?"

"உங்க மேலயும் படுதே அண்ணாச்சி. நாங்க ஓரவஞ்சனை பண்ண மாட்டோம்."

கடைசியில் சங்கிலி படகின் விளிம்பில் கவிழ்ந்து கடலுக்குத் தடவப் போனான். எவ்வளவு பெரிய இடம், எங்கே தொடங்குவது என்று அவன் யோசித்துக்கொண்டிருந்தபோதே பாட்டில் காலியாகிவிட்டது. தங்கள் முகத்துக்கு அவர்கள் ஒரு சொட்டுகூட மிச்சம் வைக்கவில்லை. க்ரீம் தடவிய சுக்கானைப் பிடித்த ஜெபமாலையின் கை வழுக்கி, படகு துறைக்குப் போகாமல் பக்கத்து மணலில் ஏறி நின்றது.

இறங்கியதும்தான் உண்மையான சிக்கல். முன்னால் கடல். பூவலிங்கம் பயபக்தியோடு அதைப் பார்த்து நின்றான். பிறகு மெல்லக் கழுத்தைத் திருப்பினான். தீவு சின்னது. தென்னை மரங்களின் இடுக்கு வழியே அந்தப் பக்கமும் கடல்.

"மாமா, பின்னாலயும் இருக்கு."

"திரும்பி நில்லு."

திரும்பினான். "இப்ப இதுக்கு முதுகு காட்டுறேன் மாமா."

நான்கு பேரும் மணலில் மல்லாந்து படுத்து ஆலோசனை செய்தார்கள். படுத்தால் முதுகு மண்ணுக்குத்தான் தெரியும் என்பது சோலைராசின் யோசனை. நல்ல யோசனைதான். ஆனால் படுத்தபடியே பெண் பார்க்கப் போனால் மரியாதையாக இருக்காது என்றார் கறுத்தப்பாண்டி.

"அப்ப முதுகை ஒளிச்சு வெச்சுக்கணும்" என்றான் சங்கிலி. "என் முதுகை நீங்க மறைங்க, உங்க முதுகை நான் மறைக்கறேன்."

எல்லாருக்கும் அது சரியாகப் பட்டது. நான்கு பேரும் முதுகோடு முதுகு ஒட்டி நின்று, ஒரு வேட்டியைச் சுற்றி இறுக்கிக் கட்டிக்கொண்டார்கள். கறுத்தப்பாண்டி முன்னால் நடந்தார். சங்கிலி பின்னோக்கி நடந்தான். மற்ற இருவரும் நண்டு மாதிரி பக்கவாட்டில் வந்தார்கள். எந்தப் பக்கத்துக் கடலுக்கும் ஒரு முகம் தெரிந்தது. ஊர் சனம் வாசலுக்கு வந்து பார்த்தது. கரை தேசத்தில் மாப்பிள்ளை அழைப்பு இப்படித்தான் போலும் என்று நினைத்து, பெரியவர்கள் தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார்கள்.

சேதுமாணிக்கம் வாசலில் கையெடுத்துக் கும்பிட்டார். எந்த முகத்தைப் பார்த்துக் கும்பிடுவது என்று தெரியாமல் ஒரு சுற்றுச் சுற்றிக் கும்பிட்டார்.

"வாங்க, வாங்க. இதுல மாப்பிள்ளை யாரு?"

அந்த நேரம் பார்த்து வளர்மதி காபித் தட்டோடு வெளியே வந்தாள். வாசலைப் பார்த்து நின்றது கறுத்தப்பாண்டி. காபியை எடுத்துக்கொண்டு அவர் கத்தினார்: "மாப்ள, சுத்து! பொண்ணு வந்தாச்சு!"

சுற்றினார்கள். சங்கிலியின் முகம் வந்தது. அவனும் ஒரு காபி எடுத்துக்கொண்டான். "இன்னும் சுத்துங்கடா!" சோலைராசு வந்தான். மறுபடி சுற்றினார்கள். இருவர் இந்தப் பக்கமும் இருவர் அந்தப் பக்கமும் இழுத்ததில், கறுத்தப்பாண்டியே திரும்ப வந்து இன்னொரு காபி எடுத்துக்கொண்டார். எத்தனை சுற்றினாலும் பூவலிங்கத்துக்குக் கடல்தான் தெரிந்தது.

சேதுமாணிக்கத்தின் முகம் மாறியது. "இது சரிப்பட்டு வராது போல இருக்கே" என்று அவர் முணுமுணுத்தது பூவலிங்கத்தின் காதில் விழுந்தது. பதினோரு வீட்டிலும் கேட்ட அதே பேச்சு. அவனுக்கு அழுகை வந்துவிட்டது. இனி வெட்கப்பட நேரமில்லை என்று கடலைப் பார்த்துக் கத்தினான்.

"நான் இன்னும் பொண்ணை நேர்ல பார்க்கலைங்க! ஆனா எனக்குப் பிடிச்சிருக்கு!"

களுக்கென்று ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டது. "நீங்க யாரும் சுத்த வேணாம். நான் சுத்தி வர்றேன்" என்றாள் வளர்மதி. தட்டோடு அந்த மூட்டையைச் சுற்றி வந்து பூவலிங்கத்துக்கு எதிரே நின்றாள். வெயிலில் வெந்து சிவந்த முகமும் ஆறு சட்டை காலருமாக இருந்தவனை நன்றாகப் பார்த்தாள். அவன் கை மட்டும் கட்டுக்குள் மாட்டிக்கொண்டிருந்ததால் காபியைத் தானே ஊட்டிவிட்டாள்.

"அப்பா, எனக்குச் சம்மதம்."

"என்னம்மா சொல்ற? இவங்களைப் பார்த்தா..."

"இதுக்கு முன்னால வந்தவங்க எல்லாம் என்னைத் தலையிலருந்து கால் வரைக்கும் பார்த்துட்டுப் பிடிக்கலைன்னாங்க. இவர் நேர்ல பார்க்காமலே பிடிச்சிருக்குன்னுட்டார். நாலு பேரையுமா நான் கட்டிக்கப் போறேன்? ஒருத்தரைத்தானே. அவரை மட்டும் அவிழ்த்து விடச் சொல்லுங்க."

"அலைக்கு முதுகு தெரியுமே" என்றான் பூவலிங்கம் கவலையாக.

"நான் உங்க பின்னால நின்னுக்கறேன்."

இதுவரை யாரும் அவனிடம் இப்படிச் சொன்னதில்லை. பூவலிங்கம் தேம்பித் தேம்பி அழுதான். மற்ற மூன்று பேரும் முக்கோணமாகக் கட்டிக்கொண்டு கூடவே அழுதார்கள். மறுநாள் காலை அம்மன் கோயிலில் கல்யாணம் நடந்தது. வளர்மதி பக்கத்தில் உட்கார வேண்டியிருந்ததால், தாலி கட்டும்போது மாப்பிள்ளையின் முதுகுக்குப் பின்னால் மாமனார் சேதுமாணிக்கம் நின்றுகொண்டார்.

மூன்றாம் நாள் படகு வந்தது. அன்றைக்குக் கடல் அலையே இல்லாமல் கிடந்ததால், எல்லாரும் கட்டை அவிழ்த்துவிட்டு மணலில் இறங்கி நடந்தார்கள். படகடியில் தீவுக் காவலாளி நின்றிருந்தார். சங்கு, பவளம் பொறுக்கிக்கொண்டு குப்பையைப் போட்டுவிட்டுப் போகிற ஆட்களைப் பார்த்துப் பார்த்து வெறுத்துப்போனவர்.

"எல்லாரும் கேட்டுக்கோங்க" என்றார். "இந்தத் தீவுல இருக்கிற எதையும் எடுத்துட்டுப் போகக் கூடாது. நீங்க கொண்டு வந்த எதையும் விட்டுட்டுப் போகவும் கூடாது."

கறுத்தப்பாண்டி அப்படியே நின்றுவிட்டார். வளர்மதியைப் பார்த்தார்.

"பொண்ணு பிறந்தது எங்க?"

"இங்கதான்" என்றார் சேதுமாணிக்கம்.

"அப்ப எடுத்துட்டுப் போக முடியாதே."

பூவலிங்கம் பதறினான். "அப்ப நான் இங்கயே இருந்துக்கறேன் மாமா. வீட்டோட மாப்பிள்ளையா இருந்துட்டுப் போறேன்."

"உன்னைக் கொண்டு வந்தது நாங்க" என்றான் சங்கிலி வருத்தத்தோடு. "விட்டுட்டுப் போகக் கூடாதாம்."

இந்தச் சட்டத்தில் எந்தப் பக்கமும் ஓட்டை தெரியவில்லை. பூவலிங்கம் மணலில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டான். கையில் கிடைத்த பெண்ணும் போகிறது, காவி வேட்டி கண்ணில் தெரிகிறது.

வளர்மதி சேலையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிக்கொண்டு, நேராகத் தண்ணீரில் இறங்கிப் படகில் ஏறி உட்கார்ந்தாள்.

"என்னை யாரும் எடுத்துட்டுப் போகலை. நானா போறேன்" என்றாள். "என்னங்க, நீங்களும் வர்றீங்களா?"

கறுத்தப்பாண்டி கண்ணை மூடி நெடுநேரம் யோசித்தார். "இதுக்குச் சட்டத்துல இடம் இருக்கு" என்று தீர்ப்புச் சொன்னார். பூவலிங்கம் பாய்ந்து ஏறி மனைவி பக்கத்தில் உட்கார்ந்தான். மற்றவர்களும் ஏறினார்கள். ஜெபமாலை கயிற்றை அவிழ்த்தார்.

அப்போது சோலைராசு கரையைப் பார்த்துவிட்டான். "மாமா! விட்டுட்டு வந்துட்டோம்!"

"எதைடா?"

சோலைராசு விரலை நீட்டினான். வீட்டு வாசலிலிருந்து படகு வரைக்கும் மணலில் அவர்களுடைய காலடித் தடம் வரிசையாகக் கிடந்தது.

கறுத்தப்பாண்டிக்கு வியர்த்துவிட்டது. எவ்வளவு பெரிய குற்றம்! "மாப்ள, நீ புதுப் பொண்டாட்டியோட உக்காரு. உன் தடத்தையும் நாங்களே அழிச்சிட்டு வந்துர்றோம்" என்று சொல்லிவிட்டு மூன்று பேரும் குதித்து ஓடினார்கள். சேதுமாணிக்கத்திடம் ஆளுக்கொரு ஈர்க்கு விளக்குமாறு வாங்கிக்கொண்டார்கள். வாசலிலிருந்து படகடி வரைக்கும் குனிந்து குனிந்து பெருக்கினார்கள். நிமிர்ந்து பார்த்தால், பெருக்கிய இடமெல்லாம் பெருக்கியவர்களின் தடம். திரும்பப் போய் அதைப் பெருக்கினார்கள். காவலாளி எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். அவர் நடந்து வந்த தடத்தையும் சேர்த்துப் பெருக்கிவிட்டு, "நீங்க கொஞ்சம் அசையாம நில்லுங்க சார்" என்றான் சங்கிலி.

பொழுது சாய ஆரம்பித்தது. தண்ணீர் வற்றிக்கொண்டிருந்தது. இதற்கு மேல் நின்றால் படகு தரை தட்டும் என்று ஜெபமாலை முனகினார்.

"என்னங்க" என்றாள் வளர்மதி. "அவங்க எப்பத்தான் வருவாங்க?"

பூவலிங்கம் கரையைப் பார்த்தான். மூன்று பேரும் வேர்க்க விறுவிறுக்கப் பெருக்கிக்கொண்டிருந்தார்கள். அவனுக்குப் பெருமையாக இருந்தது.

"கிட்டத்தட்ட முடிஞ்சிருச்சு வளரு" என்றான். "கடைசித் தடத்தையும் அழிச்சிட்டு, நேரா நடந்து வந்து ஏறிக்குவாங்க."