தலையசைப்பு

"இன்னும் எத்தனை நாளைக்கு சிஸ்டர் எனக்குக் காவல் நிப்பீங்க?"

ரூபவதி கேட்டேவிட்டாள்.

பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கிவிட்டு நர்ஸ் வேலைக்குத் திரும்பியவள். அரசுத் தேர்வுக்கும் படித்துக்கொண்டிருந்தாள். பெண்கள் வார்டுக்குப் பொறுப்பான அற்புதமேரி அவளைவிட வயதில் சின்னவள். ஆனாலும் ரூபவதியைத் தனியாக ஊசி போட விட்டதில்லை.

"மாதிரித் தேர்வுல ஒரு கேள்விகூடத் தப்பலை. மருந்து கொடுக்கும்போது பார்க்கவேண்டியது அத்தனையும் மனப்பாடம்."

"முதல்ல எதைப் பார்க்கணும் அக்கா?"

"சரியான நோயாளியான்னு."

"அப்ப போய்ப் போடுங்க."

மேரி பின்னாலேயே நடந்தாள்.

செண்பகவடிவுக்குச் சாப்பாட்டுக்கு முன் இன்சுலின். ரூபவதி மருந்தைப் பார்த்தாள், அளவைப் பார்த்தாள். சுவரோரக் கட்டிலுக்குப் போனாள்.

"செண்பகவடிவு அம்மாதானே?"

படுத்திருந்தவள் தலையசைத்தாள்.

ரூபவதி பஞ்சால் துடைத்தாள். ஊசியைத் தோலருகே கொண்டுபோனாள்.

மேரி அவள் மணிக்கட்டை இறுகப் பிடித்தாள். குனிந்து, படுத்திருந்தவளிடம் கேட்டாள்.

"நீங்கதானே ரோசாப்பூ?"

தலையசைத்தாள்.

"நீங்கதானே ஆண்டாள்?"

அதற்கும் தலையசைத்தாள்.

"நீங்கதானே இந்த ஆஸ்பத்திரிக்குப் பெரிய டாக்டர்?"

ஒரு கணம் விழித்தாள். பிறகு, மெதுவாகத் தலையசைத்தாள்.



"செண்பகவடிவு ஜன்னலோரம் இருக்காங்க" என்றாள் மேரி. "ஃபேன் ஓடலைன்னு ரெண்டு பேரும் கட்டில் மாத்திக்கிட்டாங்க. இவங்களுக்குச் சர்க்கரை நோயே கிடையாது. ஆபரேஷனுக்காக ராத்திரியிலிருந்து வெறும் வயிறு. இந்த ஊசி இறங்கியிருந்தா என்ன ஆகியிருக்கும்?"

அந்தக் கேள்விக்கும் ரூபவதிக்கு விடை தெரியும். முதலில் வியர்க்கும். கை நடுங்கும். பேச்சு குழறும். வலிப்பு வரும். அதற்குப் பிறகு...

தேர்வில் அதற்கு முழு மதிப்பெண் வாங்கியிருந்தாள்.

இப்போது வியர்த்துக் கொட்டியது அவளுக்குத்தான். மேரி அவள் விரல்களை விலக்கி ஊசியை வாங்கிக்கொண்டாள். ரூபவதி கட்டில் விளிம்பைப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்துவிட்டாள். படுத்திருந்தவள் பக்கம் திரும்பினாள்.

"அம்மா... உங்க பேரு என்ன?"

"முத்துப்பேச்சி."

"ஏம்மா? நான் வேற பேரைச் சொன்னப்ப 'இல்லை'ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

முத்துப்பேச்சி சேலை நுனியை வாயருகே கொண்டுபோனாள்.

"நீங்கதான் ஊசியும் கையுமா நின்னீங்களே தாயி. 'இல்லை'ன்னா கோவிச்சுக்கிட்டு அழுத்திக் குத்திருவீங்களோன்னு..."