உயர் அபாய வகுப்பு

குருவுக்கு நாற்பது வயது. சீடர் மரகதவல்லிக்கு அறுபத்திரண்டு. அதனால் குரு அவரை அக்கா என்பார். அவர் குருவை அம்மா என்பார். மடத்துக்குப் புதிதாக வருகிறவர்கள் இதைக் கேட்டுச் சிரிப்பார்கள்.

அன்று மரகதவல்லி தியானத்துக்கு உட்காரவில்லை. கையில் ஒரு மனு இருந்தது.

"நாளைக்குக் கடைசி நாள், அம்மா. ஒரு தடவை பாத்துக் குடுங்க."

மலைச்சரிவில் அவருக்கு ஒரு காப்பித் தோட்டம். அங்கே ஓடையை மறித்து அவர் அப்பா கட்டிய சின்ன மண் அணை. அதை 'உயர் அபாய வகுப்பு' என்று அரசு எழுதிவிட்டது. வகுப்பு மாறாவிட்டால், மிகுந்த நீர் வழிகிற கலிங்கை ஆறடி வெட்டித் தாழ்த்த வேண்டும். பிறகு தேங்குவது முழங்கால் தண்ணீர்தான்.

"என்ன எழுதியிருக்கீங்க?"

"உள்ளதைத்தான். ஐம்பத்தஞ்சு வருஷத்துல ஒரு சொட்டுக் கசிவு கிடையாது. கரையில மரம் முளைச்சா வேர் பிளந்துடும்னு அப்பா சொல்வார். ஞாயித்துக்கிழமை தவறாம வரிசையா நடந்து கன்னு பிடுங்குவோம். நண்டு வளையைக் களிமண் உருட்டி அடைப்போம். இப்பவும் போறேன், தனியா."

குரல் தாழ்ந்தது. அப்பா கழுத்தளவு நீரில் நின்று, இரண்டு கைகளையும் நீட்டி, குதி என்பார். குதித்த அந்தப் பச்சைத் தண்ணீர் அங்கேயேதான் இருந்தது. அப்பாதான் இல்லை.

"அதுக்குப் போய் ஃபெயில் மார்க் போட்டுட்டாங்களே, அம்மா."

"வாங்க, நடந்துட்டு வரலாம்" என்றார் குரு.

மரகதவல்லி வழக்கம்போல் கரைக்கு ஏறும் பாதையில் திரும்பினார். குரு ஓடையோரமாக இறங்கினார்.

"அணை மேல இருக்கு, அம்மா."

"தெரியும்."

ஓடை வளைகிற இடத்தில் நாற்பது வீடுகள். முதல் வாசலில் பொன்னுத்தாய் மிளகு காயவைத்துக்கொண்டிருந்தாள். மரகதவல்லியின் தோட்டத்தில் முப்பது வருடம் பழம் பறித்தவள்; அவரைக் கண்டதும் எழுந்தாள்.

"பெரியம்மா கால் நம்ம தெருவுல படுதே! இன்னைக்கு மழைதான். மிளகை அள்ளிடவா?"

குரு சிரித்துவிட்டுக் கேட்டார்: "அணையைப் பாக்க வந்த அதிகாரி இங்கயும் வந்தாரா?"

"வந்தாரே. கரையில அரை நாள், இங்க ரெண்டு நாள். ராத்திரி எத்தனை பேர் படுக்கிறீங்கன்னு வீடு வீடாக் கேட்டாரு. என்னா கேள்வி பாருங்க! எங்க வீட்டுக்காரரு குறட்டைக்குப் பயந்து நான் வாசல்ல படுக்கிறேனே, அதையும் சேக்கணுமான்னேன். சேக்கணும்னுட்டாரு."

"கரையைப் பத்தி ஒண்ணும் சொல்லலையா?"

"இவ்வளவு சுத்தமான கரையை அவரு பாத்ததே இல்லையாம்."

மரகதவல்லி மனுவைப் பார்த்தார். அதில் கரை இருந்தது, கலிங்கு இருந்தது, அப்பா இருந்தார். இந்தத் தெரு இல்லை.

"எழுதினதை இவங்களுக்கு வாசிச்சுக் காட்டுங்க, அக்கா."

மரகதவல்லி கண்ணாடியை மாட்டினார். முதல் வரியில், "இவ்வணையால் எவருக்கும்" என்பது வரை வாசித்தார். எதிரே நின்றவளை நிமிர்ந்து பார்த்தார். காகிதத்தை நான்காக மடித்தார்.

இருவரும் வந்த வழியே மேட்டில் ஏறினார்கள்.

"நாளைக்கு இதைக் குடுக்கப் போறதில்ல, அம்மா."

குரு தலையசைத்தார்.

"அப்பா கட்டினப்ப அங்க வெறும் முள்ளுக்காடு. தோட்டத்து ஆளுங்க லயன் வீட்டு வரிசையில ஒரே அறையில எட்டுப் பேர் கிடந்தாங்களேன்னு, மனை பிரிச்சு நான்தான் குடுத்தேன்." மூச்சு வாங்க நின்றார். "குடுக்காம இருந்திருந்தா, அப்பாவோட தண்ணி அப்படியே இருந்திருக்கும்."

"இருந்திருக்கும், அக்கா. கீழ யாருமே இல்லாத அணைக்கு அபாயம் ஏது? அப்படி ஒரு அணையா உங்களுக்கு வேணும்?"