தன் படியைத் தானே அளந்த ராஜா

முன்னொரு காலத்தில், ராஜாக்கள் வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு அந்த வயிற்றுக்காகவே சபை கூட்டிய நல்ல காலத்தில், ஒரு குன்றை ஒட்டி ஓர் அரண்மனை இருந்தது. அதில் மகிழவர்மன் என்று ஒரு ராஜா இருந்தார். அவருக்கு ஒரு விகடகவி. பெயர் வெண்காடன்.

இருவரும் ஒரே ஆசானிடம் அடிவாங்கிப் படித்தவர்கள். பாடம் முடிந்ததும் குன்றின் உச்சிக்கு யார் முதலில் ஓடுவது என்று பந்தயம் வைப்பார்கள். எப்போதும் இளவரசர்தான் ஜெயிப்பார். வெண்காடன் ஒன்றும் மரியாதைக்காக விட்டுக்கொடுக்கவில்லை. மூச்சு வாங்க ஓடி நிஜமாகவே தோற்பான். உச்சியில் நின்றுகொண்டு இளவரசர் போடும் கூச்சல் கோட்டை வாசல்வரை கேட்கும். அதெல்லாம் ஒரு காலம்! இப்போது சிம்மாசனத்திலிருந்து எழுந்திருக்கவே ராஜாவுக்கு இரண்டு பேர் கை கொடுக்க வேண்டியிருந்தது.

ஒரு நாள் ராஜா பழைய பெட்டி ஒன்றைத் திறந்தார். அதில் அவர் முடிசூட்டு நாளில் அணிந்த அரைப்பட்டிகை இருந்தது. தோலில் பொன் தகடு பதித்த இடுப்புப் பட்டை அது. அன்று மகாராணி தன் கையாலேயே அதை அவர் இடுப்பில் கட்டிவிட்டாள். அந்த மகாராணி போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆகிவிட்டது. ராஜா ஆசையாக அதை எடுத்து இடுப்பில் சுற்றிப் பார்த்தார். இரண்டு முனைகளும் ஒன்றை ஒன்று எட்டிக்கூடப் பார்க்க முடியாத தூரத்தில் நின்றன.

மறுநாள் சபையில் சொன்னார்.

“தை மாதம் நமது முடிசூட்டு நாள் வருகிறது. அன்று இந்தப் பட்டிகையை அணிந்துதான் கொலுவீற்றிருப்போம். அதற்கு வழி சொல்லுங்கள்.”

அரண்மனை வைத்தியர் குழைக்காதர் எழுந்து வணங்கினார். “அரசே, வழி எளிதுதான். இன்றைக்கு என்ன உண்பது, எவ்வளவு உண்பது என்பதைக் காலையிலேயே தீர்மானித்துவிட வேண்டும். உடல் வியர்க்க நாள்தோறும் நடக்க வேண்டும். தாங்கள் அனுமதித்தால் தங்களுக்குரிய அரிசியை நானே படியால் அளந்து கொடுக்கிறேன்.”

வைத்தியர் அத்தோடு நிறுத்தியிருக்கலாம். “பலகாரத்தையும்...” என்று ஆரம்பித்தார். ராஜாவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது.

“நாட்டுக்கெல்லாம் படியளப்பவன் நான்! எனக்கு நீர் படியளக்கிறீரா? இனி என் படியை நானே அளந்துகொள்வேன். வேறு எவன் அளந்தாலும் அவனுக்குக் கசையடி!”

மடைப்பள்ளி அதிகாரி பொன்னம்பலத்தாருக்கு இதைக் கேட்டதும் பால் வார்த்ததுபோல் இருந்தது. நெய்யிலும் பாகிலும் ராஜாவை முக்கி எடுத்தே சபையில் பெரிய மனிதர் ஆனவர் அவர். ராஜா மனம்விட்டுப் பேசுவது மட்டும் வெண்காடனிடம்தான் என்பதில் அவருக்குத் தீராத வயிற்றெரிச்சல். இதுதான் சமயம் என்று எழுந்தார்.

“அரசே, வைத்தியரால் ஆகாதது நம் விகடகவியால் ஆகுமே! பட்டிகையில் எவரும் கை வைக்கக் கூடாது. தங்கள் உணவை எவரும் குறைக்கக் கூடாது. உடற்பயிற்சி என்ற சொல்லே தங்கள் செவியில் விழக் கூடாது. அப்படியிருந்தும் தை மாதம் பட்டிகை பொருந்த வேண்டும். வெண்காடனின் புத்தி அவ்வளவு பெரிதென்றால் செய்து காட்டட்டும். இல்லையேல் நாட்டை விட்டுப் போகட்டும்.”

கோபத்தில் இருந்த ராஜா, “அப்படியே ஆகட்டும்” என்று சொல்லிவிட்டார்.

ஊரைவிட்டுப் போவது வெண்காடனுக்குப் பெரிய காரியமில்லை. விகடம் சொன்னால் எந்த ஊரிலும் யாராவது சோறு போடுவார்கள். ஆனால் அவன் போய்விட்டால் ராஜா முழுக்க முழுக்கப் பொன்னம்பலத்தாரின் கரண்டிக்குக் கீழே வந்துவிடுவார். அப்படி எத்தனை நாள் உயிரோடு இருப்பார்? வெண்காடனுக்கு அதை நினைக்கவே பொறுக்கவில்லை. ஆனாலும் முகத்தில் காட்டிக்கொள்ளாமல் கைகூப்பினான்.

“ஆணை, அரசே. அடியேனுக்கு ஒரே ஒரு வேண்டுகோள். படி அளப்பதைப் பற்றித் தாங்கள் இப்போது திருவாய் மலர்ந்தீர்களே, அதை ஒரு சொல்லும் மாறாமல் முரசறைவிக்க வேண்டும்.”

“அவ்வளவுதானா? அறைவிக்கிறேன்” என்றார் ராஜா. அன்று மாலையே வீதியெங்கும் முரசு முழங்கியது.

மறுநாள் மதியம் ராஜா சாப்பிட உட்கார்ந்தார். இலை போட்டிருந்தது. இலையில் ஒன்றும் இல்லை.

சமையற்காரர் நடுங்கிக்கொண்டே வந்தார். “சாமி, இன்னும் உலையிலே அரிசியே போடலீங்க. கீழே இருக்கிறதெல்லாம் மத்தவங்க அளந்த அரிசி. அதைத் தொட்டா முதுகுத் தோலு உரிஞ்சுடுமே! களஞ்சியத்திலே நீங்களே வந்து அளந்தாத்தானுங்களே ஆச்சு.”

ராஜாவுக்குச் சிரிப்பதா, சீறுவதா என்று தெரியவில்லை. அந்த அரண்மனையின் களஞ்சியம் குன்றின் உச்சியில் இருந்தது. வெள்ளத்துக்கும் திருடனுக்கும் பயந்து அவருடைய பாட்டனார் கட்டியது. பாறையில் வெட்டிய படிகளில் ஏறித்தான் போக வேண்டும்.

“பல்லக்கு கொண்டு வா!” என்றார்.

படிக்கட்டின் அடியில், வேப்பமர நிழலில் வெண்காடன் உட்கார்ந்திருந்தான். பல்லக்கைக் கண்டதும் எழுந்து குறுக்கே வந்தான்.

“அரசே, என் படியை நானே அளப்பேன் என்பது தங்கள் ஆணை. இவையும் தங்கள் படிகள்தானே? பல்லக்குத் தூக்குபவர்கள் இதில் ஏறினால் தங்கள் படியை அவர்கள் காலால் அளந்ததாகிவிடும். பாவம், பிள்ளைகுட்டிக்காரர்கள். கசையடி தாங்க மாட்டார்கள்.”

“அடப்பாவி!” என்றார் ராஜா. ஆனால் சொன்ன சொல் சொன்னதுதான். முரசும் அறைந்தாகிவிட்டது. பசியோ வயிற்றைக் கிள்ளியது. “சரி, நீயாவது கூட வாடா!”

“நானா? எனக்கும் முதுகு ஒன்றுதான் இருக்கிறது, அரசே!” என்று வெண்காடன் மறுபடி நிழலில் போய் உட்கார்ந்துகொண்டான்.

ராஜா ஏறினார். நின்றார். பாறையைப் பிடித்துக்கொண்டார். வெண்காடனைத் திட்டினார். மறுபடி ஏறினார். கீழே இருந்தவனுக்குப் பதைபதைப்பாகத்தான் இருந்தது. வைத்தியரை முன்பே பாதி வழியில் ஒரு பாறை மறைவில் மோரும் மருந்துமாக உட்காரவைத்திருந்தான். வைத்தியர் ஏறியது படிக்கட்டு வழியாக அல்ல, ஆட்டுப்பாதை வழியாக. அவர் முதுகுக்கும் பங்கம் வரக் கூடாதல்லவா!

முதல் நாள் ராஜா பேராசையோடு மூட்டை கட்டிக்கொண்டு இறங்கினார். பாதி வழிக்குள் தோள் கழன்றுவிடும்போல் இருந்தது. சுமந்து வருகிறேன் என்றவர்களையும் கசையடி தடுத்தது. மறுநாள் மதியத்துக்கு மட்டும் அளந்தார். இரவுச் சாப்பாட்டுக்காக இன்னொரு தடவை ஏற வேண்டியதாயிற்று. அதன்பிறகு புத்தி வந்தது. விடிந்ததும் பல் துலக்கிக்கொண்டே, இன்றைக்கு எது வேண்டும், எவ்வளவு போதும் என்று யோசிக்க ஆரம்பித்தார். சுமக்கப் போகிறவரே சாப்பிடப் போகிறவர் என்றால் கணக்கு தானாகச் சரியாகிவிடும். அரிசி குறைந்தது. அந்த இடத்தில் கொஞ்சம் கேழ்வரகு, கொஞ்சம் பாசிப்பயறு வந்தது.

பொன்னம்பலத்தாருக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஒரு நாள் நெய் சொட்டும் அதிரசங்களைத் தட்டில் அடுக்கி ராஜாவின் முன்னால் கொண்டுவந்து வைத்தார். ராஜாவின் கை தானாகவே நீண்டது.

“இதற்கு மாவு அளந்தது யாரோ?” என்றான் வெண்காடன்.

“எவரும் அளக்கவில்லை” என்றார் பொன்னம்பலத்தார் மிடுக்காக. “படியைத் தொடவேயில்லை. எல்லாம் என் கண்ணளவு!”

“கேட்டீர்களா, அரசே? கண்ணால் அளந்தாராம். கசையால் எங்கே அடிப்பது என்பதுதான் சங்கடம்.”

பொன்னம்பலத்தார் இரண்டு கண்களையும் பொத்திக்கொண்டார். தட்டு வந்த வழியே திரும்பிப் போயிற்று.

மழைக்காலம் போய்ப் பனிக்காலம் வந்தது. ஒரு நாள் காலையில் வெண்காடன் வழக்கம்போல வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தான். ராஜா மேலே போனதை அவன் கவனிக்கவில்லை. அவ்வளவு சீக்கிரம் போய்விட்டார். திடீரென்று குன்றின் உச்சியிலிருந்து ஒரு கூச்சல் கேட்டது.

“டேய் வெண்காடா! தோத்துட்டியாடா!”

வெண்காடன் எழுந்து நின்றான். அங்கே உச்சியில், காற்றில் மேலாடை படபடக்க, சின்னதாக ஓர் உருவம் நின்றது. எத்தனையோ வருடமாகக் கேட்காத குரல் அது. ஓடிய நாட்கள், கூட ஓடியவர்கள், கீழே நின்று பார்த்தவர்கள் என்று எல்லாம் ஒரேயடியாக நினைவுக்கு வந்துவிட்டது. அவன் பதில் சொல்ல வாயெடுத்தான். சபையையே சிரிக்கவைத்த வாய் அன்று அழுதுவிட்டது.

தை மாதம் வந்தது. நிறைந்த சபையில் ராஜா பட்டிகையை இடுப்பில் சுற்றினார். கொக்கி மாட்டியது. சபை ஆரவாரம் செய்தது. பொன்னம்பலத்தார் மட்டும் குனிந்து உற்றுப் பார்த்தார்.

“அரசே, மன்னிக்க வேண்டும். உள்ளே இன்னும் ஒரு துளை மீதி இருக்கிறது. கொக்கி கடைசித் துளையில் மாட்டவில்லை. அன்றுபோல் பொருந்தியதாக ஆகாது. வெண்காடன் தோற்றான்!”

சபை அடங்கிவிட்டது. வெண்காடனும் எட்டிப் பார்த்தான். சட்டப்படி பார்த்தால் அவர் சொல்வதும் ஒரு நியாயம்தான்.

ராஜா குனிந்து அந்தத் துளையை விரலால் தடவினார்.

“பொன்னம்பலத்தாரே, அன்றும் அது காலியாகத்தான் இருந்தது. நான் கடைசித் துளையில்தான் மாட்ட வேண்டும் என்று முறுக்காக நின்றேன். ராணி கேட்கவில்லை. ‘கொஞ்சம் தளர்வாவே இருக்கட்டும், இனிமேதானே விருந்து சாப்பிடணும்’ என்று சொல்லி ஒன்று தள்ளி மாட்டிவிட்டாள். நம் இருவருக்கும் இல்லாத முன்யோசனை அவளுக்கு இருந்தது.”

சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பொன்னம்பலத்தார் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு தம் இருக்கைக்குப் போனார்.

“வெண்காடா, இப்படி வா” என்றார் ராஜா. ஒரு பொற்கிழியை எடுத்து அவன் கையில் வைத்தார். “இது சபையறிய நான் தரும் பரிசு. இன்னொன்றும் தருகிறேன். நாளை முதல் நீ என்னோடுதான் சாப்பிட வேண்டும். தினமும், ஒரே பந்தியில்.”

“பெரும் பாக்கியம், அரசே! எந்த மண்டபத்தில் இலை போடுவார்கள்?”

“களஞ்சியத்துக்குப் பக்கத்தில், குன்றின் மேல். உன் படியை நீதான் அளக்க வேண்டும்.”

வெண்காடன் குன்றை அண்ணாந்து பார்த்தான். தன் தொந்தியைக் குனிந்து பார்த்தான். இத்தனை மாதம் வேப்பமர நிழலில் உட்கார்ந்தே வளர்த்தது அது.

“அரசே, என்னை நாடு கடத்திவிடுங்கள்! அது சமதரை வழியாவது போகும்!”

ராஜா வயிறு குலுங்கச் சிரித்தார். குலுங்குவதற்கு முன்போல் அவ்வளவு வயிறு இல்லைதான். இருந்தாலும் இருந்ததைக் கொண்டு வெகுநேரம் சிரித்தார்.